மராமத்தும் மானியமும்: பள்ளிவாசல்களைப் பழுது பார்த்த அரசுப் பணத்தின் வரலாறு

எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே. அவனுடைய திருத்தூதர் முஹம்மது நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலாத்தும் ஸலாமும் உண்டாவதாக.

ஆண்டறிக்கையின் வரவு செலவுப் பக்கங்களைப் பார்க்கும் ஜமாஅத்தார்கள் பலரும் சந்தா வரவையும் கடை வாடகை வரவையும் கூர்ந்து நோக்குவர். செலவுப் பகுதியில் ‘மராமத்து’ என்னும் தலைப்பின்கீழ் வரும் தொகையையோ பெரும்பாலும் கடந்து சென்றுவிடுவர். மேல்தளத்தில் ஒழுக்கு ஏற்பட்டாலோ, ஹவுழின் சுவர் விரிசல் கண்டாலோ, மையவாடியின் சுற்றுச்சுவர் சாய்ந்தாலோதான் அந்தத் தலைப்பு அனைவர் நினைவிற்கும் வரும். அப்பொழுது பொதுக்குழுவில் ஒரு கேள்வி தவறாமல் எழும்: “பள்ளிவாசல்களைச் சீரமைக்க அரசாங்கம் பணம் தருகின்றதே, நாம் ஏன் வீடு வீடாக வசூல் செய்ய வேண்டும்?” அதற்கு மறுமொழியாக மற்றொரு குரலும் எழும்: “அல்லாஹ்வின் இல்லத்திற்கு அரசாங்கப் பணம் எதற்கு?”

இவ்விரு கேள்விகளும் இன்று நேற்றுத் தோன்றியவை அல்ல. ஆட்சியாளரின் உதவி தமிழகத்துப் பள்ளிவாசல்களுக்குப் பல நூற்றாண்டுகளாகக் கிடைத்து வந்துள்ளது. அது நிலமாக வந்தது. பின்னர் ரொக்கப் படியாக வந்தது. பிறகு கடனாகவும் மானியமாகவும் வந்தது. வடிவம் மாறினாலும், அதனோடு சேர்ந்து வந்த நிபந்தனை மட்டும் மாறவில்லை. அந்த நிபந்தனை யாது என்பதை ஜமாஅத்தார்களின் கவனத்திற்குக் கொண்டு வருவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மராமத்து என்னும் சொல்

‘மராமத்து’ என்பது பழுது பார்த்தலைக் குறிக்கும் அரபு வேரிலிருந்து பாரசீகம், உருது வழியாகத் தமிழுக்கு வந்த சொல்லாகும். பொதுப்பணித் துறையை நம் முன்னோர் ‘மராமத்து இலாகா’ என்றே அழைத்தனர். ஏரி குளங்களை ஊர் மக்களே கூடிச் சீர் செய்த வழக்கத்திற்குக் ‘குடிமராமத்து’ என்று பெயர். வக்ஃபு, இனாம், வசூல், பாக்கி, ரசீது, ஜமாபந்தி என நிலத்தையும் கணக்கையும் பற்றிய எத்தனையோ சொற்கள் இவ்வாறே தமிழோடு கலந்துவிட்டன.

மார்க்கச் சட்டத்திலும் மராமத்திற்குத் தனி இடம் உண்டு. வக்ஃபுச் சொத்தின் வருமானத்தில் முதற்செலவு அச்சொத்தைப் பழுது பார்ப்பதாகவே இருத்தல் வேண்டும் என்பது ஹனஃபீ சட்ட அறிஞர்கள் வகுத்த விதியாகும். வக்ஃபு செய்தவர் அதனை வெளிப்படையாக எழுதி வைக்காவிடினும் இவ்விதி பொருந்தும். கட்டடம் நிலைத்தால்தான் வக்ஃபின் நோக்கம் நிலைக்கும் என்பது இதன் காரணம். திருக்குர்ஆனின் அத்தவ்பா அத்தியாயம் 18ஆம் வசனம் பள்ளிவாசல்களைப் பரிபாலிப்போர் யாவர் என்பதை எடுத்துரைக்கின்றது. அங்கு வரும் அரபுச் சொல் கட்டுதல், பேணுதல், தொழுகையால் நிரப்புதல் ஆகிய அனைத்தையும் உள்ளடக்கியதென விரிவுரையாளர்கள் விளக்குவர்.

ஆட்சியாளர்கள் பள்ளிவாசல்களைப் புதுப்பித்ததும் இஸ்லாமிய வரலாற்றின் தொடக்கத்திலிருந்தே காணப்படும் செயலாகும். பேரீச்ச ஓலை வேய்ந்த மஸ்ஜிதுந் நபவியை ஹிஜ்ரி 17இல் உமர் (ரலி) அவர்கள் விரிவாக்கினார்கள். ஹிஜ்ரி 29இல் உஸ்மான் (ரலி) அவர்கள் செதுக்கிய கல்லாலும் தேக்கு மரத்தாலும் அதனைப் புதுப்பித்தார்கள். எனவே ஆட்சியின் கரம் பள்ளிவாசலின் கட்டடத்தைத் தொடுவது புதுமையன்று. எந்த வரம்பிற்குள் தொடலாம் என்பதே கேள்வியாகும்.

நிலமாகத் தந்த காலம்

தமிழகத்தில் மன்னர்கள் பள்ளிவாசல்களுக்கும் தர்காக்களுக்கும் அளித்த உதவி பெரும்பாலும் நிலமாகவே இருந்தது. நிலத்தின் விளைச்சலிலிருந்து விளக்கெரித்தல், ஊழியம், பழுது பார்த்தல் ஆகியவை நடைபெற வேண்டும் என்பது ஏற்பாடு. ஆண்டுதோறும் அரண்மனை வாயிலில் நின்று கேட்க வேண்டிய தேவை எழாதபடி செய்த ஏற்பாடு அது.

மதுரை கோரிப்பாளையம் தர்காவிலுள்ள 1573ஆம் ஆண்டுக் கல்வெட்டு இதற்கு ஒரு சான்று. முன்னர் ஒரு பாண்டிய மன்னர் அளித்த கிராமங்கள் குறித்துப் பிற்காலத்தில் தகராறு எழுந்தது. விசாரித்த வீரப்ப நாயக்கர் பழைய கொடையை உறுதி செய்தார். அந்தத் தீர்ப்பே கல்லில் பொறிக்கப்பட்டது. கொடை தந்த மன்னரின் வம்சம் மறைந்தது. உறுதி செய்த நாயக்கர் ஆட்சியும் மறைந்தது. கல்லில் எழுதப்பட்ட எழுத்து மட்டும் நிலைத்தது. நாகூர் தர்காவின் ஐந்து மினாராக்களுள் மிக உயர்ந்ததான, 131 அடி உயரமுள்ள பெரிய மினாராவைத் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங் கட்டுவித்தார் என்பதும் ஜமாஅத்தார்கள் அறிந்த செய்தியே. சமயம் கடந்து ஆட்சியாளர்கள் வழிபாட்டுத் தலங்களுக்கு உதவிய மண் இது.

கும்பெனி ஆட்சியும் 1817ஆம் ஆண்டு ஒழுங்குமுறையும்

கிழக்கிந்தியக் கும்பெனியின் ஆட்சி வேரூன்றியபோது, இவ்வாறு விடப்பட்ட நிலங்களின் வருமானம் பல இடங்களில் நோக்கம் மாறிச் செலவிடப்படுவதை அதிகாரிகள் கண்டனர். சென்னை அரசாங்கம் 1817ஆம் ஆண்டின் 7ஆம் ஒழுங்குமுறைச் சட்டத்தை இயற்றியது. பள்ளிவாசல்கள், கோவில்கள், கல்விக்கூடங்கள் ஆகியவற்றின் பராமரிப்பிற்காக விடப்பட்ட நிலங்களின் வருமானம் உரிய வழியில் செலவாவதையும், பாலங்கள், சத்திரங்கள் முதலான பொதுக் கட்டடங்கள் பழுது பார்க்கப்படுவதையும் உறுதி செய்வதே அச்சட்டத்தின் நோக்கம். இப்பொறுப்பு ரெவின்யூ போர்டிடம் ஒப்படைக்கப்பட்டது. மாவட்டக் கலெக்டர் அதன் உள்ளூர் முகவர்களுள் ஒருவரானார்.

இச்சட்டத்தில் நாம் கருத்தில் கொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பள்ளிவாசலும் பாலமும், கோவிலும் சத்திரமும் ஒரே சட்டத்தின்கீழ் வைக்கப்பட்டன. வழிபாட்டுத் தலம் என்பது அக்காலத்தில் தொழுகைக்கு மட்டும் உரிய இடமாகக் கருதப்படவில்லை. வழிப்போக்கர் தங்கும் இடம், தண்ணீர் கிடைக்கும் இடம், சிறுவர் எழுத்துப் பயிலும் இடம் என ஊரின் பொது வசதிகளுள் ஒன்றாக அது விளங்கியது.

இந்த ஏற்பாடு நீண்ட நாள் நிலைக்கவில்லை. கிறிஸ்தவ ஆட்சி பிற சமயத் தலங்களை நிர்வகிப்பது தகாது என்று இங்கிலாந்திலும் இங்கும் மிஷனரிகள் குரலெழுப்பினர். 1833இல் கும்பெனியின் இயக்குநர்கள், அரசாங்கம் இத்தகைய நிர்வாகத்திலிருந்து விலக வேண்டும் என்று ஆணை அனுப்பினர். ஆணை நிறைவேறக் காலதாமதம் ஆயிற்று. இறுதியாக 1863ஆம் ஆண்டின் 20ஆம் சட்டம், அதாவது சமய அறக்கட்டளைச் சட்டம், அரசாங்கத்தின் நேரடிப் பொறுப்பைக் கைவிட்டது. மூவர் அல்லது அதற்கு மேற்பட்ட உறுப்பினர்களைக் கொண்ட உள்ளூர்க் கமிட்டிகளிடம் அப்பொறுப்பு சென்றது. கமிட்டி உறுப்பினர்கள் அந்தந்தச் சமயத்தைச் சார்ந்தவர்களாக, ஆயுட்காலம் வரை பதவி வகிப்பவர்களாக இருந்தனர்.

எல்லாவற்றையும் கைவிட்ட அச்சட்டம் ஒன்றை மட்டும் கைவிடவில்லை. தொன்மையாலோ, வரலாற்றுச் சிறப்பாலோ, கட்டடக் கலையாலோ குறிப்பிடத்தக்க கட்டடங்களைச் சேதமுறாமல் காக்கும் அதிகாரத்தை அதன் 23ஆம் பிரிவு அரசாங்கத்திடமே நிறுத்தி வைத்தது. நிர்வாகம் வேறு, கட்டடத்தைக் காத்தல் வேறு என்னும் எண்ணம் சட்டத்தில் இடம்பெற்றது அப்பொழுதேயாகும். 1904ஆம் ஆண்டின் தொல் சின்னங்கள் பாதுகாப்புச் சட்டம் பின்னர் அவ்வெண்ணத்தை விரிவாக்கியது.

இனாம் பதிவேடு கேட்ட கேள்வி

1858இல் சென்னை மாகாணத்தில் இனாம் கமிஷன் அமைக்கப்பட்டது. வரியில்லாமல் அனுபவிக்கப்பட்ட நிலங்கள் ஒவ்வொன்றையும் அது விசாரித்தது. நிலத்தைத் தந்தவர் யார், எந்தக் காரியத்திற்காகத் தரப்பட்டது, இப்பொழுது அனுபவிப்பவர் யார், அந்தக் காரியம் உண்மையில் நடைபெறுகின்றதா என்ற கேள்விகள் கேட்கப்பட்டன. விடைகள் பதிவேட்டில் எழுதப்பட்டு, தகுதி பெற்றவர்களுக்கு இனாம் பத்திரம் வழங்கப்பட்டது. சமயப் பணிக்குரிய இனாம்கள், அப்பணி நடைபெறும் காலம் வரை தொடரும் என உறுதி செய்யப்பட்டன.

ஒன்றரை நூற்றாண்டு கடந்த பின்னரும் நீதிமன்றங்களில் வக்ஃபு நில வழக்கு நடைபெறும்போது முதலில் கேட்கப்படும் ஆவணங்களுள் அந்த இனாம் பதிவேட்டின் நகலும் ஒன்று. அன்று கமிஷன் முன் சென்று, இந்நிலம் பள்ளிவாசலுக்குரியது என்று தெளிவாக எழுதி வாங்கிய முத்தவல்லிகள், தம் பேரன் பேத்திகளின் காலத்திற்கும் சேர்த்து மராமத்து செய்தவர்கள் ஆவர். தம் சொந்தப் பெயரில் எழுதிக்கொண்டவர்களின் ஊர்களில் நிலம் எங்கே சென்றது என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.

கடல் கடந்த ஒரு படிப்பினை

இதே கேள்வி கடல் கடந்து வாழ்ந்த நம்மவர்களையும் தொடர்ந்தது. பினாங்கிற்குச் சென்ற பரங்கிப்பேட்டை வணிகர் காதர் முகைதீன், அங்கிருந்த தமிழ் முஸ்லிம்களின் தலைவராக, ‘கப்பித்தான் கிளிங்’ என்னும் பட்டத்துடன் விளங்கினார். 1801இல் கும்பெனி அரசாங்கம் பள்ளிவாசலுக்கென நிலம் வழங்கியது. அதில் எழுந்ததே இன்றும் ஜார்ஜ் டவுனில் புகழுடன் விளங்கும் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். நகரம் வளர வளர அந்நிலத்தின் மதிப்பும் வளர்ந்தது. ஆயினும் நிர்வாகம் சீர்கெட்டு, வழக்குகள் எழுந்தன. முடிவில் அரசாங்கம் தலையிட்டு, 1905ஆம் ஆண்டின் சட்டத்தின் வழியாக முஸ்லிம், இந்து அறக்கட்டளைகளுக்கான வாரியம் ஒன்றை அமைத்தது. அவ்வாரியத்தின் பொறுப்பில் வந்த பின்னரே வக்ஃபின் வருமானம் ஒழுங்குபடுத்தப்பட்டு, பள்ளிவாசல் புதுப்பித்துப் பெரிதாக்கப்பட்டது.

பணம் இல்லாததால் அப்பள்ளிவாசல் தாழ்வுறவில்லை. நகரின் நடுவே சொத்து இருந்தும் கணக்குச் சரியில்லாததால் தாழ்வுற்றது. கணக்கைச் சரிசெய்ய நாம் தவறினால், வேறொருவர் வந்து சரிசெய்வார். அப்பொழுது சாவியும் அவர் கைக்குச் செல்லும்.

வக்ஃபுச் சட்டங்களும் தஸ்திக் படியும்

இந்தியாவில் 1913ஆம் ஆண்டின் முசல்மான் வக்ஃபு செல்லுபடிச் சட்டம், குடும்ப நலனுக்காகச் செய்யப்படும் வக்ஃபுகளுக்குச் சட்ட ஏற்பு அளித்தது. அதனை முன்மொழிந்து நிறைவேற்றியவர் முகம்மது அலி ஜின்னா. 1923ஆம் ஆண்டின் சட்டமோ கணக்கைப் பற்றியது. முத்தவல்லிகள் வக்ஃபுச் சொத்தின் விவரத்தையும் தணிக்கை செய்த வரவு செலவையும் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும் என்று அது பணித்தது. விடுதலைக்குப்பின் வந்த 1954ஆம் ஆண்டின் வக்ஃபுச் சட்டம் மாநில வாரியங்களுக்கும், சொத்துகளை அளந்து பட்டியலிடும் சர்வே ஆணையர்களுக்கும் வழி செய்தது. 1995ஆம் ஆண்டுச் சட்டம் அதன் இடத்தைப் பெற்றது.

இதற்கிடையில் நில உறவுகள் முழுவதும் மாறின. 1948ஆம் ஆண்டின் சென்னை எஸ்டேட் ஒழிப்புச் சட்டமும், 1963ஆம் ஆண்டின் இனாம் ஒழிப்புச் சட்டங்களும் ஜமீன், இனாம் முறைகளை முடிவுக்குக் கொண்டு வந்தன. உழுபவனுக்கு நீதி வழங்கிய இச்சட்டங்களால் பள்ளிவாசல்களும் கோவில்களும் தம் பழைய நில வருமானத்தை இழந்தன. அந்த இழப்பிற்கு ஈடாக, நிறுவனம் நிலைத்திருக்கும் வரை ஆண்டுதோறும் அரசாங்கம் ஒரு தொகை வழங்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் 38ஆம் பிரிவு கூறியது. அத்தொகைக்குத் ‘தஸ்திக் படி’ என்று பெயர். அரபு மொழியில் ‘தஸ்தீக்’ என்றால் உண்மையென உறுதி செய்தல்.

இனாம் ஒழிப்புச் சட்டங்களை எதிர்த்து வக்ஃபு நிறுவனங்களும் நீதிமன்றம் சென்றன. காஜாமியான் வக்ஃபு எஸ்டேட் வழக்கில் 1970இல் உச்ச நீதிமன்றம், சமய நிறுவனங்களின் சொத்தைச் சட்டப்படி அரசு எடுத்துக்கொள்வதை அரசியலமைப்பின் 26ஆம் பிரிவு தடுக்காது என்று தீர்ப்பளித்தது. நிலம் சென்றது, படி நின்றது. ஆனால் நிலத்தின் விளைச்சல் விலைவாசியோடு உயரும். எழுதி வைத்த படித்தொகை உயராது. நெல் மூட்டைகளாக வந்த உதவி சில நூறு ரூபாய்களாகச் சுருங்கிய கதை இதுவே. எனவே இன்று வழங்கப்படும் சீரமைப்பு மானியத்தை வெறும் சலுகையாகக் கருதித் தலைகுனிய வேண்டியதில்லை. பழைய கொடைகளுக்கும் அதற்கும் இடையே அறுபடாத ஒரு தொடர்பு உண்டு.

கடனும் மானியமும்

1964இல் மத்திய வக்ஃபு கவுன்சில் அமைந்தது. 1974-75ஆம் ஆண்டு முதல் நகர்ப்புற வக்ஃபுச் சொத்துகளை மேம்படுத்த மத்திய அரசு கவுன்சிலுக்கு நிதி வழங்கத் தொடங்கியது. கவுன்சில் அதனை வட்டியில்லாக் கடனாகக் கொடுத்தது. காலியிடத்தில் கடைகளும் வணிக வளாகங்களும் எழுந்து, அவற்றின் வாடகையால் பள்ளிவாசல் தன் மராமத்தைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அத்திட்டத்தின் கருத்து. நிலத்தை வக்ஃபாக விட்ட முன்னோரின் எண்ணத்தையொட்டிய திட்டம் அது.

கல்விக்கூடங்களுக்கென 2008-09இல் மத்திய அரசு ஒரு திட்டம் தொடங்கியது. ஏற்கெனவே இயங்கி வரும் சிறுபான்மைப் பள்ளிகளில் கூடுதல் வகுப்பறை, கழிப்பறை, குடிநீர் வசதி, மாணவியர் விடுதி முதலியவற்றை அமைக்கச் செலவில் 75 விழுக்காடு வரை, அதிகபட்சம் 50 இலட்சம் ரூபாய் என்னும் வரம்பிற்குட்பட்டு அத்திட்டம் வழங்கியது. எஞ்சிய 25 விழுக்காட்டைப் பள்ளி நிர்வாகம் ஏற்க வேண்டும். 2022இல் அத்திட்டம் முடிவுக்கு வந்துவிட்டது. விண்ணப்பிக்கலாம் என்று ஆண்டுக்கணக்கில் பேசிக்கொண்டிருந்த நிறுவனங்களுக்கு அந்த வாயில் மூடிவிட்டது.

தமிழகத்தில் 1997-98இல் தொடங்கப்பெற்ற ‘நமக்கு நாமே திட்டம்’, மக்கள் பங்களிப்போடு அரசு பங்கு சேர்க்கும் முறையைப் பரவலாக்கியது. மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் செலுத்த, எஞ்சியதை அரசு ஏற்பது அதன் பொது விதி. 2011-12இல் அது தன்னிறைவுத் திட்டம் என்னும் பெயரிலும், 2021-22இல் மீண்டும் பழைய பெயரிலும் செயல்படுத்தப்பட்டது. நீர்நிலைகளுக்கு 2016-17இல் மீண்டும் வந்த குடிமராமத்துத் திட்டத்திலும் பாசன விவசாயிகள் பத்தில் ஒரு பங்கை உழைப்பாகவோ பொருளாகவோ பணமாகவோ தர வேண்டும் என்ற விதி இருந்தது. இவை பள்ளி, நூலகம், குளம், சாலை போன்ற பொதுச் சொத்துகளுக்கானவை. தொழுகைக் கட்டடத்திற்கானவை அல்ல. 1993இல் தொடங்கிய நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதியையும் வழிபாட்டுத் தலத்திற்குள் செலவிட இயலாது. இவ்வேறுபாட்டை அறியாமல் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் மனுக் கொடுத்துக் காத்திருந்து ஏமாற்றமடைந்த ஜமாஅத்துகள் பல.

வழிபாட்டுத் தலத்தின் கட்டடத்தையே பழுது பார்ப்பதற்கு மாநில அரசு வழங்கும் நிதி தனியானது. பள்ளிவாசல்கள், தர்காக்கள் ஆகியவற்றின் பெரும் பழுதுகளுக்குத் தமிழக அரசு வக்ஃபு வாரியத்தின் வழியாக நிதி ஒதுக்கி வந்துள்ளது. கிறிஸ்தவ சகோதரர்களின் தேவாலயங்களுக்கும் 2016-17 முதல் இத்தகைய உதவி உண்டு. அதன் விதிகள் நாமும் அறியத்தக்கவை. கட்டடத்தின் வயதிற்கேற்ப உதவித்தொகை உயரும். தேவாலயம் அமைந்த இடம் முறையாகப் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். சீரமைப்பிற்கு வெளிநாட்டு நிதி பெற்றிருத்தல் ஆகாது. தொகை தவணைகளில் வழங்கப்படும். ஒருமுறை பெற்றால் ஐந்தாண்டு கடந்தே மீண்டும் கேட்கலாம். பணத்திற்கு முன்னே பத்திரம் கேட்கப்படுவதை இங்கும் காண்கின்றோம்.

வாங்குவது தகுமா?

அரசியலமைப்பின் 27ஆம் பிரிவு, ஒரு குறிப்பிட்ட சமயத்தை வளர்ப்பதற்கென வரி செலுத்துமாறு எவரையும் கட்டாயப்படுத்தலாகாது என்கின்றது. அவ்வாறாயின் அரசுப் பணத்தில் வழிபாட்டுத் தலத்தைப் பழுது பார்க்கலாமா என்ற ஐயம் எழுவது இயல்பே. அதே அரசியலமைப்பின் 290அ பிரிவு, முன்னாள் திருவிதாங்கூர் பகுதியிலிருந்து 1956இல் தமிழகத்தோடு இணைந்த பகுதிகளின் கோவில்களுக்காக ஆண்டுதோறும் 13 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாய் வழங்குமாறு பணிக்கின்றது. வரி வருவாயில் சிறு பகுதி சமயம் சார்ந்த ஒரு காரியத்திற்குச் செல்வதால் மட்டும் 27ஆம் பிரிவு மீறப்பட்டதாகாது என 2011இல் உச்ச நீதிமன்றம் கூறியது.

குஜராத்தில் 2002ஆம் ஆண்டுக் கலவரத்தில் சேதமுற்ற வழிபாட்டுத் தலங்கள் பற்றிய வழக்கு இதனினும் முக்கியமானது. பழுது பார்க்கும் செலவை மாநில அரசு ஏற்க வேண்டும் என்று 2012இல் உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. 2017இல் உச்ச நீதிமன்றம் அவ்வாணையை நீக்கி, ஒரு தலத்திற்கு அதிகபட்சம் 50,000 ரூபாய் கருணைத் தொகை என்னும் மாநில அரசின் திட்டத்தை ஏற்றது. அத்தொகையைப் பெறவும் உரிமைக்கான ஆவணமும், அக்காலத்தில் பதிவான முதல் தகவல் அறிக்கையும் தேவைப்பட்டன. எரிந்த பள்ளிவாசலுக்கும் பத்திரம் வேண்டும் என்பதே இவ்வழக்கு நமக்கு உணர்த்தும் கசப்பான பாடம்.

வாரியத்திலிருந்து வரும் உதவியை இனாமாக எண்ணுவோர் மற்றொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். வக்ஃபு நிறுவனங்கள் தம் நிகர வருமானத்தில் ஒரு பகுதியை வாரியத்திற்குப் பங்காகச் செலுத்தக் கடமைப்பட்டவை. அது 7 விழுக்காடாக இருந்து, 2025ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 5 விழுக்காட்டிற்கு மேற்படாதது என்றாயிற்று. செலுத்துவோர் கேட்பதில் தவறில்லை. செலுத்தாதவர் கேட்கும்போது நாக் கூசும்.

எனினும் ஒரு வரம்பை நாமே வகுத்துக்கொள்ளுதல் நன்று. இமாம், முஅத்தின் ஆகியோரின் ஊதியம், மின் கட்டணம், அன்றாடத் தூய்மை ஆகியவை ஜமாஅத்தின் சொந்தப் பணத்தில் நடைபெற வேண்டும். ஒரு தலைமுறைக்கு ஒருமுறை வரும் பெரும் பழுதிற்கு அரசு உதவியை நாடலாம். ஆட்சி மாறினால் திட்டம் மாறும். நிதிநிலை மாறினால் ஒதுக்கீடு மாறும். ஐவேளைத் தொழுகை அவற்றிற்காகக் காத்திருக்காது.

நம்முன் உள்ள பணி

2025ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் வக்ஃபுச் சொத்துகளின் விவரங்களை மத்திய அரசின் இணையத் தளத்தில் பதிவு செய்யப் பணித்தது. ‘உமீத்’ எனப்படும் அத்தளம் 2025 ஜூன் 6 அன்று தொடங்கி வைக்கப்பட்டது. அச்சட்டத்தின்மீது சமுதாயத்திற்கு உள்ள மனக்குறைகள் யாவரும் அறிந்தவை. அதே ஆண்டு செப்டம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம் சில பிரிவுகளை நிறுத்தி வைத்தது. பதிவு செய்யும் கடமையை நிறுத்தி வைக்கவில்லை. 1573இல் கல்லிலும், 1858இல் இனாம் கமிஷனின் ஏட்டிலும் கேட்கப்பட்ட அதே கேள்வி, இம்முறை கணினித் திரையில் கேட்கப்படுகின்றது: இது யாருடையது? எதற்காக விடப்பட்டது? கணக்கு எங்கே?

எனவே மூன்று காரியங்களை ஜமாஅத்தார்களின் சிந்தனைக்கு முன்வைக்கின்றோம்.

முதலாவது, பள்ளிவாசல், மதரஸா, மையவாடி, வாடகைக் கடைகள் ஆகிய ஒவ்வொன்றின் பத்திரம், பட்டா, வாரியப் பதிவு, இனாம் பதிவேட்டு நகல் ஆகியவற்றை ஒரே கோப்பில் சேர்த்து, அதன் நகலை வேறோர் இடத்திலும் பாதுகாத்தல். ஆவணங்கள் பதவி விலகும் நிர்வாகியின் வீட்டு அலமாரியில் தங்கிவிடலாகாது.

இரண்டாவது, ‘மராமத்துப் பதிவேடு’ ஒன்றைத் தொடங்குதல். எந்த ஆண்டில் எந்தப் பழுது பார்க்கப்பட்டது, செலவு எவ்வளவு, வேலை செய்தவர் யார், அடுத்து எப்பொழுது பார்க்க வேண்டும் என்பவை அதில் எழுதப்பட வேண்டும். பொறியாளரின் மதிப்பீடு, கமிட்டித் தீர்மானம், தணிக்கை அறிக்கை, பணிக்கு முன்னும் பின்னும் எடுத்த நிழற்படங்கள் ஆகியவை இணைந்த பதிவேடே, மானிய அறிவிப்பு வரும் நாளில் பாதி விண்ணப்பமாகிவிடும்.

மூன்றாவது, ஆண்டு வருமானத்தில் ஒரு பகுதியை மராமத்து நிதியாகத் தனியே ஒதுக்குதல். அரசின் தொகை தவணையாக, வேலையைப் பார்வையிட்ட பின்னரே வரும். கையில் முதல் இல்லாத ஜமாஅத் வேலையைத் தொடங்கவே இயலாது. பங்குத்தொகை கேட்கும் திட்டங்களுக்கும் இந்நிதியே கைகொடுக்கும். வக்ஃபு வருமானத்தில் முதற்செலவு மராமத்து என்று மார்க்க அறிஞர்கள் வகுத்த விதியும் இதுவே.

வசூலா, மானியமா என்ற கேள்விக்கு வரலாறு தரும் விடை, இரண்டும் வேண்டும் என்பதே. ஆனால் இரண்டிற்கும் முன்னதாக வேண்டப்படுவது செம்மையான ஆவணமும் நேர்மையான கணக்கும் ஆகும். கட்டடத்தின் பழுதை அரசுப் பணம் தீர்க்கலாம். கணக்கின் பழுதை நாமேதான் தீர்க்க வேண்டும்.

இப்பள்ளிவாசலை நமக்கென விட்டுச் சென்ற முன்னோர்களின் கபுருகளை வல்ல அல்லாஹ் ஒளிமயமாக்குவானாக! அவர்கள் ஒப்படைத்த அமானிதத்தைக் குறைவின்றி அடுத்த தலைமுறையிடம் ஒப்படைக்கும் நற்பேற்றை நம் அனைவருக்கும் வழங்குவானாக! ஆமீன், யாரப்பல் ஆலமீன்.